கரடி நகரில் ஆறு நாள்

பேர்ண் நகரைக் கண்டு முடிப்பதற்கு ஒரு பகற்பொழுது போதும் என்று வழிகாட்டி நூல்கள் கூறும். அங்ஙனம் எழுதியோர் பிள்ளைகளை உடன்கொண்டு சென்றவர்களாதல் இயலாது. 9 வயதுப் பேரனையும் 5 வயதுப் பேர்த்தியையும் கைப்பிடித்துக்கொண்டு, அந்நகரின் கிராம்காசே என்னும் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து முடிக்க எங்களுக்கு அரைநாள் சென்றது. அத்தெருவின் நீளமோ அரைக் கிலோமீற்றரும் இராது. ஆயினும், கண்ட ஊர்களுள் நன்றாகக் கண்ட ஊர் எது என்று யாரேனும் வினவினால், காசியையும் மதுரையையும் விடுத்துப் பேர்ண் என்றே விடையிறுப்பேன். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டியிருக்கின்றது. நின்றால்தானே எதுவும் கண்ணிற் படும்!

என் மகள் மணமாகிச் சென்ற இடம் சூரிச் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று. மருமகனின் முன்னோர் பெரியகல்லாற்றவர். அவர் பிறந்தது சுவிற்சர்லாந்தில். களுதாவளைப் பிள்ளையார் கோயிலின் ஆனி உத்தரத் தீர்த்தம் முடிந்தபின், பாடசாலையில் விடுப்புப் பெற்றுக்கொண்டு யான் அவர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. ஐரோப்பாவில் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் உறவினர் வீடுதான். இலண்டனில் ஒரு திருமணம், பாரிசில் ஒரு பூப்புனித நீராட்டு, யேர்மனியில் ஒரு குடிபுகுதல் என்று நாள்கள் கழிந்துவிடும். எவர் வீட்டு வைபவமும் இன்றி, ஒரு நகரைப் பார்ப்பதற்கென்றே குடும்பத்தோடு போய்த் தங்குவது அவர்களுக்கே புதிது. பேர்ண் நகருக்குப் போகலாம் என்று சொன்னவர் மருமகன். காரணத்தைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

அதற்கு முன் பேரனைப் பற்றிச் சொல்லவேண்டும். யான் சென்ற முதல் வாரம் அவன் என்னோடு பேசவில்லை. வணக்கம் சொன்னான், தண்ணீர் கொண்டுவந்து தந்தான், கேட்டவற்றுக்குத் தலையசைத்தான். பேச்சு என்று ஒன்று எழவில்லை. தங்கையோடு யேர்மன் மொழியில் ஓயாது கதைப்பவன், என் செருப்பொலி கேட்டதும் வாயை மூடிக்கொள்வான். பிள்ளைக்குத் தமிழ் வராது போலும் என்று எண்ணினேன். மகள் மறுத்தாள்.

"வரும் அப்பா. நல்லாக் கதைப்பான். போன வருசம் வரைக்கும் எங்களோட தமிழ்தான்."

பின்பு நடந்ததைக் கூறினாள். வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றில், தான் செய்த சிறு பயணம் பற்றி அவன் எழுந்து நின்று பேசியிருக்கின்றான். 'பிறகு' என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் 'மறுகா' என்றானாம். வகுப்புச் சிரித்தது. ஆசிரியர், அது தமிழே அன்று என்றார். அன்று மூடிய வாய்தான். அதற்குமேல், ஊரிலிருந்து வரப்போகும் அம்மப்பா ஒரு பண்டிதர் என்ற செய்தியும் சேர்ந்துகொண்டது. ஓர் ஆசிரியருக்கே அஞ்சியவன், வீட்டுக்குள்ளேயே ஒருவர் வந்து இறங்கினால் என்ன செய்வான்?

அவ்வாசிரியர்மீது எனக்குச் சினம் இல்லை. வாரம் முழுவதும் வேறு தொழில் செய்துவிட்டு, ஓய்வு நாளில் குளிரிற் பனியில் வந்து பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள். ஏறத்தாழ 50,000 ஈழத்தமிழர் வாழும் அந்நாட்டில் இன்று தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உளர் என்றால், அஃது அன்னோர் கொடை. ஆனால் 'மறுகா' தமிழ் அன்று என்னும் தீர்ப்பை யான் ஏற்கவில்லை. மறுகால் என்பது மறுமுறை எனப் பொருள்படும் பழஞ்சொல். ஈற்று லகரம் தேய்ந்து எங்கள் பகுதியில் மறுகா ஆயிற்று எனக் கொள்வதே பொருத்தம். இதனை அந்தப் பிள்ளையிடம் போய் விளக்கினால், மீண்டும் ஒரு வகுப்பறைதான் ஆகும். ஆகவே வாளா இருந்தேன். இந்நிலையிலேதான் நாங்கள் ஐவரும் புகைவண்டி ஏறினோம்.

சூரிச்சிலிருந்து பேர்ணுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். 6 வயது நிரம்பாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்பதால், இளையவள் தன் இருக்கையை ஓர் அரியணை போலக் கருதி வீற்றிருந்தாள். விடுதியில் தங்குவோர்க்கு நகரத்துப் பேருந்தும் திராம் வண்டியும் இலவசம். மற்றவை எல்லாம் விலை. ஐவர் உணவகத்தில் ஒருவேளை உண்ணும் செலவில் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் உண்ணலாம் என்று கணக்கிட்டேன்; வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் சமையலறையோடு கூடிய இரண்டு அறைகளை எடுத்து, அரிசி மாவும் தேங்காய்ப் பூவும் கையோடு கொண்டுவந்திருந்தாள். காலையிற் பிட்டு அவித்துப் பெட்டியில் அடைத்துக்கொண்டு புறப்படுவோம். நீருக்குக் கவலை இல்லை. அந்நகரில் நூற்றுக்கு மேற்பட்ட நீரூற்றுகள் தெருத்தோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன. குழாயில் வாய்வைத்துப் பருகலாம். மணலிற் பூவல் தோண்டி நீர் அள்ளிய ஊரிற் பிறந்தவனுக்கு, யாரும் அள்ளாமலே நாள் முழுவதும் வழியும் அந்த நன்னீரைக் கண்டு முதலிற் பதைப்பே உண்டாயிற்று.

நகரின் அமைப்பை ஒருவாறு சொல்லிவிடுகின்றேன். ஆரே என்னும் ஆறு தெற்கிருந்து வந்து, ஒரு குன்றினை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு செல்கின்றது. (ஆரே, ஆறு என்ற ஒலியொற்றுமை தற்செயலானது. அதிலிருந்து ஓர் ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டாமென அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.) அக்குன்றின்மேல் 1191 இல் சாரிங்கன் கோமகன் ஐந்தாம் பேர்தோல்ட் இந்நகரை நிறுவினான். வேட்டையில் முதலில் அகப்படும் விலங்கின் பெயரை ஊருக்கு இடுவதாக அவன் கூறினான் என்றும், அகப்பட்டது கரடி என்றும் ஒரு கதை உண்டு. கொடியிலும் கோபுரத்திலும் கடையிலும் எங்கும் கரடியே. 1405 இல் நிகழ்ந்த பெருந்தீயில் மரவீடுகள் எரிந்துபோக, பசுஞ்சாம்பல் நிற மணற்கல்லால் மீண்டும் கட்டினர். வீடுகளின் கீழ்த்தளம் தெருவை நோக்கி வளைவுத் தாழ்வாரமாகத் திறந்திருக்கின்றது. எல்லாவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளத் தாழ்வாரம்! மழையிலும் வெயிலிலும் குடையின்றி நடக்கலாம். பிள்ளைகளுக்கு அது வேறொன்றாயிற்று. ஒவ்வொரு தூணுக்குப் பின்னும் ஒளிந்து, அடுத்த தூணில் வெளிப்பட்டார்கள்.

இப்பழைய நகரை 1983 இல் உலக மரபுரிமைச் சொத்தாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. எங்கள் மக்கள் திரள் திரளாக நாட்டைவிட்டு ஓடத்தொடங்கியதும் அதே ஆண்டு ஆடியிலேதான். ஒரு நகரின் கற்கள் காப்பாற்றப்பட்ட ஆண்டிலே மற்றொரு நாட்டின் நூலும் வீடும் ஆளும் தீயில் இடப்பட்டமையை அந்த அறிவிப்புப் பலகையின் முன் நின்று நினையாதிருக்க முடியவில்லை.

இனி மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு வருவோம். சிற்கிளொக்கே என்பது அதன் பெயர்; காலமணி என்று பொருள். 13ஆம் நூற்றாண்டில் நகர்வாயிலாக எழுந்தது. அதன் கீழ்ப்புறத்தில், ஞாயிறும் திங்களும் இராசிகளும் காட்டும் வானியற் கடிகாரம் ஒன்று உண்டு. 1530 இல் காஸ்பார் புரூனர் என்பவர் அதன் பொறிகளைச் செய்தமைத்தார். ஒவ்வொரு மணிக்கும் சில நிமிடம் முன்னதாகப் பாவைகளின் ஆட்டம் தொடங்கும். சேவல் கூவும், கோமாளி தலைக்குமேல் மணியடிப்பான், கரடிகள் ஊர்வலமாக வரும், தாடி வைத்த காலக்கடவுள் மணற்கடிகையைத் திருப்புவார், உச்சியில் பொன் வேய்ந்த வீரன் சம்மட்டியால் மணியை அறைவான்.

முதல்நாள் முற்பகல் பதினொரு மணிக்கு முன்பே கூட்டம் கூடிவிட்டது. பேரன் அண்ணாந்து நின்றான். இளையவளுக்குப் பொறுமை இல்லை. அருகே தெருநடுவில் 1535 இல் அமைத்த சாரிங்கன் நீரூற்று உண்டு. அதன் தூணின்மேல் கவசம் அணிந்த கரடியொன்று கொடி பிடித்து நிற்கின்றது. காலடியில் அதன் குட்டி ஒன்று முந்திரிக்குலையைத் தின்றுகொண்டிருக்கின்றது. "குட்டிக் கரடி சாப்பிடுது" என்று என் வேட்டி முனையைப் பிடித்து இழுத்தாள். யான் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி அக்குட்டியை ஆராய்ந்துகொண்டு நின்றபோது, பின்னால் ஒரு கூக்குரல் எழுந்தது.

"அம்மப்பா! அம்மப்பா! கிறுகிப் பாருங்க! சுறுக்கா! கரடியெல்லாம் வருகுது!"

திரும்பினேன். கரடிகள் வந்துகொண்டிருந்தன; சிலது குதிரைமேல், சிலது நடந்து. ஆனால் யான் பார்த்தது அவன் முகத்தை. சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்துவிட்டது போலும். உதட்டைக் கடித்துக்கொண்டு தாயைப் பார்த்தான். பிறகு என்னை.

"பிழையா?"

"பிழை இல்லை மனே. களுதாவளையில எல்லாரும் கிறுகு எண்டுதான் சொல்லுவாங்க. நானும் அப்படித்தான்."

"பள்ளிக்கூடத்திலயுமா?"

"பள்ளிக்கூடத்தில திரும்பு எண்டு எழுதுவம். வீட்டில கிறுகு எண்டு கதைப்பம். இரண்டும் நமக்குரியது."

அப்பொழுது உச்சியில் மணி பதினொன்று அடிக்கத் தொடங்கியது. அவன் எண்ணத் தொடங்கினான். தமிழில் எண்ணினான்.

அன்று பிற்பகல் முழுவதும் அவன் எனக்கு ஆசிரியன். சூரிச்சில் முன்பின் அறியாதவரைக் கண்டால் 'குரூயெற்சி' என்பராம்; பேர்ணில் 'குரூயெசெக்' என்பராம். இரண்டும் 'கடவுள் உம்மை வாழ்த்துக' என்பதன் சிதைவு. பாலுக்குச் சூரிச்சில் 'மில்ஹ்', பேர்ணில் 'மியுஹ்'. லகரத்தை உகரமாக ஒலிப்பது பேர்ண் நகரத்தார் இயல்பு. அவர்கள் பேசுவதைக் கேட்டு அவனுக்கு ஒரே சிரிப்பு. பாடசாலையில் இவை எதுவும் எழுதப்படுவதில்லை. அங்கே எழுத்து யேர்மன். "அப்படியென்றால் வீட்டில் பேசுவது பிழையா?" என்று கேட்டேன். இதென்ன கேள்வி என்பதுபோற் பார்த்தான். "அது பிழை இல்ல அம்மப்பா. அது கதைக்கிறது. மற்றது எழுதுறது."

ஆசிரியர்களாகிய அன்பர்கள் இவ்விடத்திற் சற்று என்னோடு நிற்கவேண்டும். ஒரே சமுதாயம் உயர்வழக்கு ஒன்றையும் பேச்சுவழக்கு ஒன்றையும் வெவ்வேறு தொழிலுக்குக் கையாளும் நிலையை 'இரட்டை வழக்கு' என்பர். சார்ல்ஸ் பெர்குசன் என்னும் அமெரிக்க மொழியறிஞர் 1959 இல் இதனை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட நான்கு சான்றுகளுள் சுவிற்சர்லாந்தின் யேர்மன் ஒன்று. மற்றவை அரபு, கிரேக்கம், எயிற்றித் தீவின் கிரியோல். பின்வந்தோர் தமிழையும் அவ்வரிசையில் வைத்தே பேசுகின்றனர். நிலைமை ஒன்றுதான். ஆயின் மனநிலையில் எவ்வளவு வேறுபாடு! பேர்ண் நகரத்தார் தம் பேச்சுமொழியைத் தாழ்வென எண்ணுவதில்லை. ருடோல்ப் பொன் தாவெல் (1866 - 1934) அம்மொழியிலேயே நாவல்கள் இயற்றினார். மானி மாற்றர் (1936 - 1972) நகரசபையிற் சட்ட அலுவல் பார்த்துக்கொண்டே அம்மொழியிற் பாட்டுக் கட்டிக் கிற்றாரில் பாடினார்; அவர் பாட்டுகளைச் சூரிச் பிள்ளைகளும் பாடசாலையிற் கற்கின்றனர். பேரன் ஒன்றை ஆற்றங்கரையில் முழுவதும் பாடிக்காட்டினான். அதனால் அவர்களது எழுத்து யேர்மன் கெட்டுவிட்டதாகத் தெரியவில்லை.

நமக்கும் இஃது அயலான நெறி அன்று. தொல்காப்பியப் பாயிரம் வழக்கினையும் செய்யுளினையும் சேர்த்தே நூலுக்கு அடிப்படையாகக் கூறுகின்றது. சொல்லதிகாரம் சொல்லை நான்காக வகுக்கும்போது, திசைச்சொல்லுக்கு ஓர் ஆசனம் இட்டிருக்கின்றது. மட்டக்களப்பு வழக்கைப் பற்றியோ, கமில் சுவலபில் என்ற செக் நாட்டுத் தமிழறிஞர் 1966 இல் எழுதிய கட்டுரையில், தமிழின் பேச்சு வழக்குகள் எல்லாவற்றுள்ளும் இலக்கியத் தமிழுக்கு மிக நெருங்கியது அதுவே என்று குறித்தார். ஓர் ஐரோப்பியர் மெச்சினார் என்பதற்காக நாம் மகிழவேண்டியதில்லை. ஆனால் அதே ஐரோப்பாவில், நம் பிள்ளை ஒருவன் அவ்வழக்கிற்காக நாணித் தலைகுனிந்து நின்றான் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. எழுதும்போது எழுத்துத் தமிழ் எழுதப் பழக்குவோம். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. தாயின் வாயிலிருந்து வந்ததைத் தமிழன்று என்று சொல்லும் உரிமை மட்டும் நமக்கு யாரும் தரவில்லை.

இரண்டாம் நாள் இளையவளுடையது. கோர்ன்ஹவுஸ் சதுக்கத்தில் 'பிள்ளைதின்னி' நீரூற்று என்று ஒன்று இருக்கின்றது. 1545, 1546 அளவில் ஹான்ஸ் கீங் என்னும் சிற்பி செய்தது. பூதமொன்று அமர்ந்து ஒரு குழந்தையைத் தலைப்புறமாக விழுங்குகின்றது. தோளிலே தொங்கும் பையில் இன்னும் பல குழந்தைகள். ஏன் இப்படி ஒன்றைத் தெரு நடுவே நிறுத்தினார்கள் என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. களியாட்டக் கோலம் என்பர் சிலர். தன் மக்களை விழுங்கிய கிரேக்கக் காலக்கடவுள் என்பர் சிலர். யூதர்மேற் சுமத்தப்பட்ட பழங்காலப் பொய்ப்பழியின் சாயல் அதில் உண்டென ஐயுறுவாரும் உளர். எனக்குச் சிறுத்தொண்டர் கதை நினைவுக்கு வந்தது. வாய் திறக்கவில்லை. பிள்ளையோ அஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. பையில் எத்தனை பேர் என்று எண்ணினாள். பிறகு, அவர் இவ்வளவு காலமாகத் தின்றும் இன்னும் முதற்பிள்ளையையே முடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துப் பெரிதும் ஆறுதல் அடைந்தாள்.

அடுத்து நாடாளுமன்றச் சதுக்கம். அவ்வளாகத்தின் கற்றளத்திலிருந்து 26 நீர்த்தாரைகள் மேலே பீறிட்டு எழுகின்றன. மாநிலத்துக்கு ஒன்றாக 26. கூட்டாட்சியின் பேரவை கூடும் மாளிகையின் வாயிலிலே, அரைக்காற்சட்டையோடு பிள்ளைகள் நனைந்து கூத்தாடுகின்றார்கள். தடுப்பாரில்லை. எங்கள் இருவரும் சூரிச் மாநிலத்துக்குரிய தாரை எதுவென்று தேடி, அது கிடைக்காமல், 26 இலும் நனைந்தார்கள். அன்றைக்கு வேறெதுவும் பார்க்கவில்லை. பிள்ளைகளோடு போவோர் ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நலம்.

மூன்றாம் நாள் மருமகன் எங்களைத் தாழ்வாரம் ஒன்றின் வழியே அழைத்துச் சென்றார். பேர்ணின் பழைய வீடுகளுக்கு நிலவறைகள் உண்டு. அவற்றின் கதவு சரிந்த பலகையாகத் தெருவோரத்தில் இருக்கும். திறந்தாற் படிகள் கீழிறங்கும். முன்பு திராட்சைமதுப் பீப்பாய்கள் வைத்த இடங்களில் இன்று கடைகளும் அரங்குகளும் உணவகங்களும் உள்ளன. அத்தகைய கதவொன்றின் முன் அவர் நின்றார்.

"மாமா, இதுக்குள்ளதான் அப்பா கோப்பை கழுவினவர்."

அவருடைய தந்தையார் 1980களில் அடைக்கலம் கோரி வந்தவர். அக்காலத்தில் வந்த நம் இளைஞர் பலரைப் போல, உணவகம் ஒன்றின் சமையற்கட்டிலே பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. ஊரிலே பாடசாலை ஆசிரியராகச் சேரவிருந்தவர் என்று கேள்வி. பகலில் நிலவறை, இரவில் நால்வர் உறங்கும் அறை. மேலே தெருவில் நடக்கும் உல்லாசப் பயணிகளின் காற்சத்தம் மட்டும் கேட்கும் என்பாராம். இந்த நகரைச் சுற்றிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் நேரம் வாய்க்கவில்லை. அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அக்கதவு மூடியிருந்தது. பேரன் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தான். பேர்த்தி, அப்பப்பா உள்ளே இருக்கின்றாரா என்று கேட்டாள். மருமகன் அவளைத் தூக்கிக்கொண்டு அடுத்த நீரூற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். அவள் முகத்தையும், தம் முகத்தையும்.

கரடிகளைப் பார்க்காமற் பேர்ணைவிட்டு வர முடியாது. 1857 முதல் அவை கற்குழியொன்றில் வைக்கப்பட்டிருந்தன. அது கொடுமை என்ற குரல் வலுத்ததனால், 2009 இல் ஆற்றங்கரைச் சரிவிலே மரமும் குளமும் உள்ள பூங்காவாக அமைத்தனர். நாங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்து ஒரு கரடியின் முதுகை மட்டுமே கண்டோம். பிள்ளைகளுக்கு அதுவே போதுமாயிருந்தது. விலங்கு தான் விரும்பியபோது மறைந்துகொள்ளலாம் என்பது அவர்களுக்கு எடுத்துச் சொல்லாமலே விளங்கிற்று.

ஆற்றைப் பற்றி எழுதப் புகுந்தால் இத்தாள் போதாது. அல்ப்ஸ் மலைப் பனியாறுகளில் தோன்றி இரண்டு ஏரிகளூடாக வரும் ஆரே, கோடையிலும் குளிர்ந்த பச்சை நீர். நகரத்தார் ஆண் பெண் அடங்கலாக, மேற்புறத்தில் இறங்கி நீரோட்டத்தோடு மிதந்து, மார்சிலி என்னும் நீராடு துறையிற் கரையேறுவர். உடையை நீர்புகாப் பையிற் கட்டி உடன் மிதக்கவிட்டு, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு இப்படியே போவோரும் உண்டாம்! ஓட்டம் கடுமையானது, சிறுவர்க்கும் நீந்தப் பழகாதார்க்கும் உரியதன்று. மருமகன் இறங்கினார். வாவியிலே பிறந்து வளர்ந்த யான் கணுக்காலளவில் இறங்கி, குளிர் எலும்பில் ஏறவும் கரைக்கு மீண்டேன். பிள்ளைகளுக்குத் துறையிலுள்ள ஆழமற்ற குளம் போதுமாயிற்று.

"அம்மப்பா, உங்கட ஆறும் ஆளைக் கொண்டு போகுமா?"

அது ஆறன்று, வாவி என்றேன். அதற்குக் கிழக்குக்கரை எழுவான்கரை, மேற்குக்கரை படுவான்கரை. ஞாயிறு எழும் கரையில் நம் வீடு. படும் கரையில் நெல்வயல். இந்த ஆரே மூன்று புறமும் வளைந்து ஓடுவதால், எது எழுவான்கரை எது படுவான்கரை என்று அவன் நெடுநேரம் குழம்பினான். வாவியின் முகத்துவாரத்தைக் கோடையிற் கடல் மணலால் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகி வயலை மூடும்போது, மணலை வெட்டி வழிவிடுவார்கள். மறுநாளே ஆற்றுவாய் அகன்றுவிடும். சில திங்களில் மீண்டும் மணல். "மணல் எங்கிருந்து வருது? ஆர் கொண்டு வாறது?" என்று கேட்டான்.

அக்கேள்விக்கு விடை மறுநாள் கிராம்காசே 49ஆம் இலக்க வீட்டிற் கிடைத்தது. ஒடுங்கிய படியேறி இரண்டாம் மாடிக்குச் சென்றால் அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த சிறிய வீடு. பகலிற் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்துவேலை. எஞ்சிய பொழுதிலே, 1905 இல் உலகை மாற்றிய கட்டுரைகள். பெரியோர் அனைவரும் அக்கட்டுரைகளைப் பற்றிய பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தனர். எனக்கு வேறொருவர் நினைவு வந்தது. 1904 இல் இந்நகரிலே அவருக்குப் பிறந்த மகன் ஹான்ஸ் அல்பேர்ட், தவழ்ந்து திரிந்தது இத்தரையிலேதான். அவர் வளர்ந்து நீரியற் பொறியியலாளர் ஆனார். அமெரிக்காவிலே பேர்க்லியிற் பேராசிரியராயிருந்தார். அவர் ஆராய்ந்த பொருள், ஓடும் நீர் மணலை எவ்வாறு எடுத்துச் செல்கின்றது, எங்கே கொண்டுபோய்ப் படியவிடுகின்றது என்பது. 1950 இல் அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் ஆற்றுப் பொறியியலில் எடுத்தாளப்படுவது. "உன்னுடைய கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டவர் இந்த வீட்டுப் பிள்ளை" என்றேன். பேரன் தந்தையின் படத்தை விட்டுவிட்டு, மகனின் குழந்தைப் படத்தைத் தேடிக்கொண்டு போனான்.

ஐந்தாம் நாள் நகரின் மேற்கே, ஐரோப்பாச் சதுக்கத்திலுள்ள 'சமயங்களின் இல்லம்' சென்றோம். 2014 மார்கழியில் திறக்கப்பட்டது. சைவக்கோயில், பள்ளிவாசல், கிறித்தவ ஆலயம், பௌத்த மண்டபம், அலவி மரபினரின் வழிபாட்டிடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அங்குள்ள ஞானலிங்கேச்சுரர் திருக்கோவிலில் வழிபாடு தமிழிலே நடைபெறுகின்றது. பெண்களும் பூசை செய்கின்றனர். தாழ்வாரத்தில் நின்று திருமுறை கேட்டபோது ஊர் நினைவு வந்தது. ஆனால் ஊரிலே இந்த ஐந்தில் நான்கு நம்மிடையும் உண்டு. ஒரே கூரை மட்டுமில்லை. பிள்ளைகள் இருவரும் காலணி கழற்றவேண்டிய வாயில்கள் எத்தனை, கழற்றவேண்டாதவை எத்தனை என்று கணக்கெடுத்தார்கள்.

ஆறாம் நாள் மழை. மாலைவரை தாழ்வாரங்களிலே திரிந்துவிட்டுப் புகைவண்டி ஏறினோம். பேரன் கோபுரத்தடிக் கடையில் வாங்கிய குறிப்புப்புத்தகம் ஒன்றை மடியில் விரித்தான். இடப்பக்கத்தில் மூன்று நிரல்: சூரிச் சொல், பேர்ண் சொல், எழுத்து யேர்மன். வலப்பக்கத்தில் இரண்டு: எங்கள் ஊர்ச்சொல், நூற்சொல். ஆறு நாளாகச் சேர்த்தவை. கிறுகு, திரும்பு. சுறுக்கா, விரைவாக. பூவல் என்பதற்கு எதிரே நூற்சொல்லாக 'மணற்கேணி' என்று எழுதச் சொன்னேன். எழுவான்கரைக்கு எதிரே யேர்மன் பக்கத்தில் எதுவும் எழுத முடியாமல் வெற்றிடம் விட்டான். எண்ணிப் பார்த்தான், 41 சொற்கள். தங்கை தாயின் மடியில் உறங்கிவிட்டாள்.

"அம்மப்பா எண்டதுக்குப் புத்தகத்தில என்ன?"

"தாய்வழிப் பாட்டன்."

எழுதுகோலை எடுத்தான். சற்று யோசித்தான். சூரிச் நிலையத்தின் விளக்குகள் சாளரத்தில் தோன்றின.

"மறுகா எழுதுறன்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினான்.